மிச்சம் டிரைவர் கட்டிய ராணுவ லாரி

அவருக்கும் பெற்றோர் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். லைசென்ஸைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. லாரி ஆபீஸிலும் பெட்ரோல் பங்கிலும் குடியிருந்த தெருவிலும் அவர் மிச்சம் டிரைவர்தான். மற்றவர்கள் டேங்கைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கும் பாதையில் இவர் மட்டும் டீசலை மிச்சம் பிடித்துக்கொண்டு வருவார். சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. மலையிலிருந்து இறங்கும்போது கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, வண்டியை அதன் பாரத்திலேயே உருளவிடுவார். அப்படி இறங்கினால் இன்ஜினின் பிடி இருக்காது, மொத்தப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும், அது சூடேறிவிட்டால் பிடிக்காது என்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனால் முதலாளி தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் போதும், மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தத் தட்டைத் தவிர முதலாளியிடமிருந்து அவர் வேறு எதையும் கண்டதில்லை என்பது தனிக்கதை.

வேலையிலிருந்து நின்றுவிட்ட அந்த மிச்சம் டிரைவர் இப்போது கூடத்து ஜன்னலோரம் மேஜையைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக்கில் ஒரு ராணுவ லாரி கட்டிக்கொண்டிருந்தார். துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் பொம்மை அது. ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்து ஒட்ட வேண்டும். மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிக் கொடுத்தது. அவன் அடிச்சட்டத்தையும் சக்கரங்களையும் ஒட்டினான், கை முழுக்கப் பசையாக்கிக்கொண்டான், மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று பீரோ மேல் தூக்கிப் போட்டான். அப்புறம் அவனே ராணுவத்தில் சேர்ந்து நிஜ லாரி ஓட்டப் போய்விட்டான். போன மழைக்காலத்தில் ஒரு மலைப்பாதையில் இறங்கும்போது வண்டியோடு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். பெட்டி பீரோ மேலேயே இருந்தது.

அவனுடைய துணிமணிகளைக் கொண்டுவந்து கொடுத்தது அவனோடு வேலை பார்த்த இன்னொரு டிரைவர். பையனின் அம்மா டீ போட உள்ளே போயிருந்தாள். வந்தவனுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எதிரே இருப்பவரும் டிரைவர்தானே என்ற நினைப்பில் சொன்னான்.

"எனக்கே புரியலப்பா. அவன் மாதிரி ஓட்டுறவன் கிடையாது. ஆனா வண்டிய மேல எடுத்தப்ப கியர் நியூட்ரல்ல இருந்துச்சு."

மிச்சம் டிரைவருக்குப் புரிந்தது. லீவு நாட்களில் பையனையும் மனைவியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். அவருக்கும் அவளுக்கும் நடுவில் பையன். மேடு முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்தில் இவர் கண்ணைக் காட்டுவார். பையன் கியர்க் கம்பியின் குமிழைப் பிடிப்பான், அவன் கைமேல் இவர் கை, இரண்டு கையுமாக நியூட்ரலுக்குத் தள்ளும். இன்ஜின் இரைச்சல் அடங்கிக் காற்று மட்டும் கேட்கும். "பறக்குதுப்பா" என்பான் பையன். ராணுவத்தில் அவனுக்கு ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் கை முதலில் எதைக் கற்றுக்கொண்டதோ, அலுப்பான நேரத்தில் அதைத்தானே செய்யும்?

வந்தவன் சொன்னதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், ஓட்டை வண்டியைக் கொடுத்து என் பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அவளுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவருடைய கவலை. தெரிந்துவிட்டால் இந்த வீட்டில் அவர் முகத்தைப் பார்க்க ஆளிருக்காது.

பெட்டியைக் கீழே இறக்கியது எதற்கென்று அவருக்கே தெரியாது. இறக்கிப் பார்த்தால், மகா மட்டமான பொம்மை. பிளாஸ்டிக் பழுத்துப்போயிருந்தது. ஸ்டிக்கரைத் தொட்டால் பொடிந்தது. பின்பக்கத்துத் தார்ப்பாயை ஏதோ தகரக் கொட்டகை மாதிரி வார்த்து வைத்திருந்தான் அதைச் செய்த புண்ணியவான். பக்கவாட்டுக் கண்ணாடிகளோ கரண்டி கனம். வாழ்நாளில் லாரியில் ஏறாத எவனோ செய்தது என்று திட்டிக்கொண்டே, ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பித்தார். தார்ப்பாயை வெட்டி எறிந்துவிட்டு, கம்பி வளைத்துச் சட்டம் கட்டி, பழைய கைக்குட்டையைப் பசைத் தண்ணீரில் நனைத்துப் போர்த்தினார். அது காய்ந்தபோது நிஜத் தார்ப்பாயின் தொய்வு வந்துவிட்டது. பேனா ரீஃபில் புகைக்குழாய் ஆனது. பற்பசைக் குழாயின் தகரத்தில் கண்ணாடிகள் செய்தார். பையன் ஒட்டிய சக்கரங்களை மட்டும் தொடவில்லை. கோணலாகத்தான் ஒட்டியிருந்தான், ஆனாலும் அவை உருண்டன.

தெருமுனை வாட்ச் ரிப்பேர்காரர், கண்ணில் மாட்டும் லென்ஸையும், பொடித் துண்டுகளைப் பிடிக்க ஒரு சாமணத்தையும் இரவல் கொடுத்தார். ஒருநாள் எட்டிப்பார்த்தவர், உள்ளே பெடல்கூட வைத்திருப்பதைக் கண்டு வாயைப் பிளந்தார். கூரையை மூடினால் இதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று கேட்டார். ஓட்டுறவனுக்குத் தெரியும் என்று இவர் சொன்னார்.

மனைவி மேஜைப் பக்கமே வரவில்லை. பெருக்கும்போதுகூட அந்த மூலையை விட்டுவிட்டுப் பெருக்கினாள்.

எல்லாம் முடிந்து மிஞ்சியது கியர்க் கம்பி. பெட்டியில் வந்தது தரையோடு சேர்த்து வார்த்த மொண்ணைக் குச்சி, நட்டக்குத்தலாக நின்றது. நட்டுவைத்தது போல நின்றால் நியூட்ரல். அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு பிளேடால் அடியோடு சீவி எடுத்தார். பழைய சார்ஜர் ஒயரிலிருந்து ஒரு செப்புக் கம்பியை உருவி, நுனியில் ஒரு சொட்டுப் பசை விட்டுக் குமிழ் செய்தார். கம்பியைச் சீட்டுப் பக்கமாகச் சாய்த்து ஒட்டினார். இரண்டாவது கியர். அந்த மாதிரி இறக்கத்தில், அவ்வளவு பாரத்தோடு, உருப்படியான அப்பனாக இருந்தால் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய கியர். ஒட்டி முடித்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பொம்மையில் கம்பியைச் சாய்த்துவிட்டால் செத்தவன் எழுந்து வருவானா என்று கேட்க அங்கே யாருமில்லை.

மறுநாள் காலையில் பசை காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கூரையை இன்னும் மூடவில்லை. மனைவி டீயோடு வந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தார். அவள் போகவில்லை. லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தாள். சீட்டைப் பார்த்தாள், பெடலைப் பார்த்தாள். அப்புறம் கியர்க் கம்பியைப் பார்த்தாள்.

"கியர் விழுந்திருக்கே" என்றாள்.

"ரெண்டாவதுல" என்றார்.

"எறக்கத்துல நீங்க என்னைக்குங்க கியர்ல போனீங்க?"

அவள் லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"அந்தத் தம்பி சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. எனக்கென்ன காது செவிடா? ஓட்டை வண்டி, ஓட்டை வண்டின்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறது, யாரும் உங்களைக் கேட்டுடக் கூடாதேன்னு."

அவர் கூரையை எடுத்து மூடப் போனார். அவள் விடவில்லை.

"நானும் அதே சீட்டுலதான் உக்காந்திருந்தேன். பறக்குதுன்னு அவன் சிரிச்சப்ப நானும் சேந்துதான் சிரிச்சேன்."

மாதக் கணக்காக அவள் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், அவர் அவளிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார், இரண்டு பேரும் ஒரே விஷயத்தை மென்று விழுங்கியிருக்கிறார்கள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. இதுவரை அவளாவது இந்தப் பழிக்கு வெளியே இருக்கிறாள் என்று நினைத்திருந்தார்.

அவள் கம்பியைக் காட்டினாள். "இது வேணாங்க. உள்ளபடி இருக்கட்டும்."

அவர் சாமணத்தை எடுத்தார். கம்பியின் குமிழைப் பிடித்தார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கம்பி முறியாமல் நிமிர்ந்து, நட்டக்குத்தலாக நின்றது. அவர் கூரையை எடுத்து, விளிம்பில் பசை தடவி, மூடினார். இனி அதைத் திறக்க முடியாது.

முன்பெல்லாம் க்ளீனர் வராத நாட்களில், வண்டியை மேட்டில் நிறுத்தினால் அவள்தான் குதித்திறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பாள். வைத்த பிறகுதான் பையனை இறக்குவார்கள். இப்போது அவர் லாரியை எடுத்து, பையனின் போட்டோ இருந்த அலமாரியில் வைத்தார். அவள் மேஜையில் கிடந்த உப்புத்தாள் துண்டு ஒன்றை எடுத்து நான்காக மடித்தாள். அதைக் கொண்டுபோய் முன்சக்கரத்துக்கு அடியில் செருகி, விரலால் அழுத்தினாள்.

"நியூட்ரல்ல இருக்கு" என்றாள். "உருண்டுடும்."