கெசட்டில் வராத வீணை

என் கணவர் சவூதியிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த ஸ்டீரியோ செட், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். கண்டி டவுனில் ஒலிநாடாவில் பதிவு செய்து வாங்கியிருந்த பாட்டுக் கெசட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்ததை முதலில் போட்டேன். கடுகு பொரிவதுபோல ஒரே இரைச்சல். பாடகியின் குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது. கெசட் போடும் சின்ன ரேடியோவில் இத்தனை வருடம் இனித்த அதே கெசட்!

"செட்டுல ஏதும் கோளாறா இருக்குமோ?" என்றார் அவர், முகம் வாடி. பாலைவன வெயிலில் நின்று உழைத்து வாங்கியது. எனக்குக் கெசட் மேல்தான் சந்தேகம்; கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை இருவரும் பதிவு செய்த கடைக்கே போனோம். நான் டீச்சர் என்று தெரிந்தும் கடைக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. கணவரிடம், "புது செட்டுதானே அண்ணே, வீட்டுல பொம்பளைங்க எதையாவது திருகி விட்டிருப்பாங்க" என்றார்.

"நான் ஒண்ணையும் திருகல. இதை எதுலருந்து பதிஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"ரெக்கோட்டுலருந்துதான்."

"அந்த ரெக்கோட்டைப் போடுங்க, கேப்போம்."

மழுப்பிப் பார்த்தார். நான் அசையவில்லை. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கவே, கண்ணாடி அலுமாரியிலிருந்து இசைத்தட்டை எடுத்துச் சுழலவிட்டார். குரலுக்குப் பின்னால் ஒரு வீணை! ஒவ்வொரு அடி முடிவிலும் அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை காலம் கேட்ட பாட்டில் வீணை இருப்பதே எனக்குத் தெரியாது.

"இது என் கெசட்டுல எங்க?" குரல் உயர்ந்துவிட்டது.

அப்போதுதான் ஒத்துக்கொண்டார். இசைத்தட்டு தேய்ந்துவிடுமென்று அதிலிருந்து ஒரே ஒரு கெசட் பதிந்து, அந்தக் கெசட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று, அதுவும் இரட்டை வேகத்தில், எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு நகலிலும் பாட்டு கொஞ்சம் மங்கி, இரைச்சல் கூடியிருக்கிறது.

"சின்ன ரேடியோவுல கேக்குறவங்களுக்கு இதெல்லாம் வெளங்காது டீச்சர்."

"வெளங்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். புதுக் கெசட்டில், இசைத்தட்டிலிருந்து நேராக, சாதாரண வேகத்தில் அவர் பதிந்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் போட்டபோது, அடியெடுக்குமுன் பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. "செட்டு நல்ல செட்டுதான்" என்று கணவர் சிரித்தார். எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. மற்ற கெசட்டுகளில் என்னென்ன காணாமல் போயிருக்கிறதோ! அடுத்த சனிக்கிழமை அத்தனையையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மறுபடி கடைக்குப் பஸ் ஏறினேன்.