ஐஸ் கம்பெனிக்குப் போய்வந்த நாட்கள்

கீரனூரில் ஒரு மாடி அறையில் நானும் என் தோழியும் சேர்ந்து மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். அவள் ஆவூர்ப் பக்கம். ஜெகதாப்பட்டினத்து ஐஸ் கம்பெனிக்காக, எந்தப் படகுக்கு எவ்வளவு ஐஸ் என்று பதிவுசெய்யும் ஒரு சின்னச் செயலி. கொஞ்சம் எழுதியதுமே பஸ் ஏறிவிடுவோம். கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டுப் பார்ப்பார்.

“இது சரியா வரலங்க தங்கச்சி. வேற மாதிரி வைங்க.”

திரும்பும் வழியெல்லாம் நாங்கள் இருவரும் சண்டை போடுவோம். மறுநாள் மாற்றி எழுதுவோம்.

பிறகு திருச்சியில் ஒரு பெரிய நிறுவனம் அந்தச் செயலியோடு எங்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கே அஜைல் முறை. காலையில் நின்றுகொண்டே கூட்டம். இரண்டு வாரத்துக்கொரு ஸ்பிரின்ட், அதற்குள் சொன்ன வேலை முடிய வேண்டும். முதலில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஒரே வேலையை இருவரும் தனித்தனியாகச் செய்துவிட்டு விழிப்பது நின்றது. ஆனால் ஜெகதாப்பட்டினம் போவதும் நின்றது. அங்கே என்ன வேண்டும் என்று வேறொருவர் எழுதித் தந்தார்.

“கொஞ்சம் செஞ்சு காட்டிட்டு மாத்துறதுதானடி அஜைல்?” என்றாள் தோழி ஒருநாள். “அதத்தான அப்பவே செஞ்சோம்?”

அந்த வருடமே அவள் துபாய்க்குப் போய்விட்டாள்.

போன மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெகதாப்பட்டினத்துக்குத் தனியாகப் போனேன். அண்ணனுக்குத் தலை நரைத்திருந்தது. என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“அந்தத் தங்கச்சி வரலையா?”

“வெளிநாட்டுல இருக்குங்கண்ணே.”

கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு திரையைக் காட்டினார். “சில போட்டுப் பேரக் காணமுங்க. எல்லாம் கடல்ல நேவிக்காரன் புடிச்சுட்டுப் போன போட்டு.”

நெடுநாள் ஐஸ் வாங்காத படகுகளை நீக்கும்படி ஒரு ஸ்பிரின்டில் எங்கள் குழுவுக்கு வேலை வந்திருந்தது. குறித்த நாளில் முடித்தோம். ஏன் வாங்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

“அவங்க வீட்டாளுக இங்கிட்டுத்தான் வந்து விசாரிச்சுட்டுப் போறாங்க. பேராச்சும் இருக்கட்டுங்க” என்றார்.

மறுநாள் கூட்டத்தில் சொன்னேன். அடுத்த ஸ்பிரின்டில் சேர்த்தார்கள். பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, திரையைப் படமெடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

“அண்ணன்ட்ட காட்டிட்டியா?”

“ஞாயித்துக்கிழமை போறேன்.”

“பஸ் ஏறுனதும் போன் போடுடி” என்றாள். “எறங்குற வரைக்கும் பேசிட்டே வாரேன்.”