கூடைக்கு மேல் தொங்கிய குண்டு பல்பு

ஸ்டெல்லா டீச்சர் ஒரு கூடைக் கோழிக்குஞ்சுகளைச் சாகடித்தார் என்பதை அன்றைய இரங்கல் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. அதற்காக அவர் ஒரு வார்த்தைகூட வருத்தப்படவில்லை என்பதையும் சொல்லவில்லை. மைக் என் கைக்கு வந்தபோது, "வேலையில் ஒழுங்கானவர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அது பொய்யும் இல்லை. பின்னால் கட்டியிருந்த ஃபிளெக்ஸில், "மலைக்கு ஒளி தந்த மாதரசி" என்ற எழுத்துகளுக்கு அடியிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதோ அறையில் விளக்கை அணைக்க மறந்து வந்துவிட்டதைப் போல.

செய்தி வந்தபோது நான் பேருந்தில் மலையேறிக்கொண்டிருந்தேன். காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிக்னல் போய்விடும். மேலே வந்ததும் ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. யாருக்கு என்று தெரியவில்லை. கைகளைத் தள்ளிக்கொண்டே போனபின்தான் பெயர் தென்பட்டது. ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை; மாரடைப்பு. எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் குளிருகிறது, ஜன்னலை மூடுங்கள் என்றார். மூடினேன்.

இப்போது பள்ளியில் நினைவு மலர் போடுகிறார்கள். "ஒரே ஊட்டுல குடியிருந்தவங்க நீங்கதானுங்க, ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார் தலைமையாசிரியர். எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மீதியைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியைகள் இருவர் மூவராகச் சேர்ந்து வீடு எடுப்பது இங்கே வழக்கம். உள்ளூர்க்காரரான பொன்னுக்காவின் வீட்டில் பின்கட்டு எங்கள் இருவருக்கு. ஆளுக்கோர் அறை. நான் புத்தகப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வாசிப்பதற்கென்று வாங்கி வந்திருந்த பெரிய பல்பை மாட்டினேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் இயற்பியல் ஆசிரியை ஸ்டெல்லா டீச்சர்.

"என்னட்டி இது, கல்யாண மண்டபமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, என் பல்பைக் கழற்றிவிட்டுத் தன்னிடமிருந்த எல்.இ.டி. ஒன்றை மாட்டினார். அட்டைப்பெட்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "வாட்டைப் பாத்து வாங்குறவ ஏமாளி. வாட்டு கரண்டு திங்கிற கணக்கு. லூமன்தான் வெளிச்சம். படிச்சவதானே, பொட்டியைத் திருப்பிப் பாக்க மாட்டியோ?" வாசிக்கும் மேஜைக்கு வெள்ளை வெளிச்சம், படுக்கும் இடத்துக்கு மஞ்சள் வெளிச்சம், அறை முழுவதற்கும் ஒரே பெரிய விளக்கைப் போடாமல் உட்காரும் இடத்துக்கு ஒன்று என்று விதிகள் சொன்னார். எல்லாம் சரியான விதிகள். அந்த அறை யாருடையது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. என்னை ஒருவர் முதல் சந்திப்பிலேயே 'ட்டி' போட்டு அழைத்ததும் அன்றுதான்.

"ஆள் இருக்கிற இடத்துலதான் வெளிச்சம் இருக்கணும்" என்பது அவருடைய இன்னொரு வாக்கு. குளியலறையின் சுவிட்ச் வெளியே இருந்தது. கடந்து போகிறவர் அணைத்துவிட்டுப் போவார். ஒருநாள் முகமெல்லாம் சோப்போடு இருட்டில் நின்று கத்தினேன்.

"டீச்சர், நான் உள்ள இருக்கேன்!"

"இருந்தா சத்தம் குடுக்கணும்லா?"

"குளிக்கும்போது பாடவா முடியும்?"

"பாட வராட்டி ஜெபம் பண்ணு."

ஆசிரியர் அறையில் இதை நான் சொல்லி நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். தினமும் அந்த இருட்டில் நின்றவள் நான்.

வகுப்பில் அவர் பிரமாதமாகப் பாடம் நடத்துவார் என்று கூட்டத்தில் பேசியவர்கள் சொன்னார்கள். உண்மை. எரிகிற குண்டு பல்பின் அருகே பிள்ளைகளின் கையை நீட்டச் சொல்லி, "சுடுதா? நீ வாங்குன கரண்டுல முக்கால்வாசிக்கு மேல இந்தச் சூடாத்தான் போவுது. சூடு அத்தனையும் வீண்" என்பார். அதோடு நிறுத்தாமல் சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போனார். தன் காசில் வாங்கிய எல்.இ.டி.யை மாட்டிவிட்டு, கழற்றிய குண்டு பல்பைச் சாக்குக்குள் போட்டுக் கல்லால் தட்டி நொறுக்கிவிடுவார். "வச்சுட்டுப் போனா மறுபடி மாட்டிருவாளுவ." பல்பை மாற்றுவதைவிட நொறுக்குவதில்தான் அவருக்கு நிறைவு என்று எனக்குத் தோன்றும். அந்தச் சத்தம் கேட்டதும் முகம் தெளிந்துவிடும்.

பொன்னுக்காவின் பெட்டைக்கோழியைக் கீரி கொண்டுபோயிருந்தது. பொரித்துச் சில நாட்களே ஆன குஞ்சுகளை மூங்கில் கூடையில் விட்டு, சாக்கால் சுற்றி, நடுவே தாழ்வாக ஒரு அறுபது வாட் பல்பைத் தொங்கவிட்டிருந்தார். பகலிலும் எரியும். நர்சிங் படிப்புக்குக் கிளம்பவிருந்த மகளுக்குத் துணிமணி எடுக்க அந்தக் குஞ்சுகள் வளர்வதைத்தான் நம்பியிருந்தார். "தாயில்லாப் புள்ளைங்களுக்குத் தாயே அந்த பல்புதானுங்க டீச்சர்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மார்கழி மாதத்துச் சனிக்கிழமை அது. பொன்னுக்கா மிளகுக் கொடி பார்க்கப் போயிருந்தார். நான் சேந்தமங்கலம் வரை போயிருந்தேன். நாங்கள் இருட்டும் நேரத்தில் திரும்பியபோது கூடைக்குள் பளிச்சென்று வெள்ளை வெளிச்சம். அதன் அடியில் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன.

"பழைய பல்பு எங்கீங்க டீச்சர்?"

"உடைச்சுட்டேன். ஒம்பது வாட்டுல அதே வெளிச்சம் வருது, பாரு."

"வெளிச்சத்துக்கா நான் போட்டேன்? குஞ்சு என்ன பாடமா படிக்குது?"

ஸ்டெல்லா டீச்சர் கூடைக்குள் கையை நீட்டிப் பார்த்தார். குண்டு பல்பில் கரண்டு எப்படிச் சூடாகப் போகிறது என்று அந்த வாரம்தான் ஒன்பதாம் வகுப்பில் நடத்தியிருந்தார். கடை அடைத்திருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டோம்; குண்டு பல்பு ஒரு வீட்டிலும் இல்லை. எல்லாவற்றையும் அவரே நொறுக்கியிருந்தார். பொன்னுக்கா கூடையை அடுப்படிக்குத் தூக்கிப் போனார். அடுப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? காலையில் இரண்டு மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

அவர் வந்து பார்த்தார். "இந்த வருஷம் பனி ஜாஸ்தி. அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். பிறகு, நான் எழுதத் தயங்கும் ஒன்றைச் செய்தார். பொன்னுக்கா அழுதுகொண்டிருந்த அடுப்படியில் பகலிலும் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்துவிட்டு ஆலயத்துக்குப் போனார்.

அவரை வெறுக்கச் சாவு ஒரு தடை என்று நான் நினைக்கவில்லை. தவறு எல்லோருக்கும் நேரும். தான் சரி என்பதில் அவருக்கு இருந்த உறுதி, எதிரில் நிற்பவர் எதற்காக ஒரு விளக்கை ஏற்றினார் என்று கேட்கவிடவில்லை. அந்த ஒரு கேள்விக்கு மூச்சுகூடச் செலவாகியிருக்காது. பொன்னுக்காவின் மகள் பழைய சுடிதாரோடுதான் கல்லூரிக்குப் போனாள்.

கூட்டத்தின் முடிவில் தலைமையாசிரியர் அறிவித்தார்: டீச்சரின் நினைவாக வரும் சனிக்கிழமை வீட்டுக்கு ஓர் எல்.இ.டி. பழைய குண்டு பல்பைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளலாம். சேர்ந்த பழையவற்றை அவர் வழியிலேயே நொறுக்குவோம். கைதட்டினார்கள். நேராக வீட்டுக்கு வந்தேன். பொன்னுக்காவின் கூடையில் புதிய குஞ்சுகள் இருந்தன, இந்த முறை கழுகு தூக்கிய கோழியுடையவை. மேலே குண்டு பல்பு.

"அக்கா, சனிக்கிழமை பல்பு மாத்த வாராங்களாம்."

பொன்னுக்கா கூடையிலிருந்து நிமிரவில்லை. "வரட்டுங்க கண்ணு. இந்தத் தடவ நான் ஊட்டுல இருப்பேன்."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் பல்பு வாங்கும்போது பெட்டியைத் திருப்பி லூமனைப் பார்க்கிறேன். என் மேஜைமேல் எரிவது அவர் மாட்டிய விளக்குதான்; மின்னழுத்தம் குறைந்து ஊரே மங்கும் மாலைகளிலும் அது மங்குவதில்லை. அறையை விட்டு வெளியே போகும்போது என் கை தானாகச் சுவிட்சுக்குப் போகிறது. இதற்காக அவருக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை. குளியலறைக் கதவருகே மட்டும் கை நின்றுவிடுகிறது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறேன்.

சனிக்கிழமை சாக்கோடும் கல்லோடும் வந்தார்கள். பொன்னுக்கா மாட்டுக்கொட்டகையில் ஃபியூஸ் போய்க் கிடந்த பல்பைக் கொடுத்துவிட்டு, எல்.இ.டி.யை வாங்கி அடுப்படியில் மாட்டிக்கொண்டார். கூடைக்கு மேல் எரிந்ததைத் தரவில்லை. குஞ்சுகள் இப்போது வாசலில் மேய்கின்றன.