துணி கட்டாத சாவி

எங்கள் வீட்டில் காலண்டர் மாட்டுவதற்காக அடித்த ஆணியில் பல வருடங்களாக ஒரு சாவிக்கொத்துதான் தொங்குகிறது. திருப்பூரில் எங்களுக்கு உள்ளதெல்லாம் இரண்டு அறை, ஒரு வாசல், ஒரு பூட்டு. புதிதாக வருகிறவர்கள் அந்தக் கொத்தைப் பார்த்ததும் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று எண்ணம் போலும். நானும் அவசரப்பட்டு மறுப்பதில்லை. மரியாதை என்ன தினமுமா கிடைக்கிறது? ஒவ்வொரு சாவியிலும் ஒரு பனியன் துணித் துண்டு முடிந்திருக்கும். சிவப்பு, கிளிப்பச்சை, மஞ்சள், நீலக்கோடு போட்டது. ஒன்றில் மட்டும் துணி கிடையாது. மற்றவை என் மாமனார் வைத்திருந்தவை. துணியில்லாதது அவர் போன பிறகு சேர்ந்தது.

குன்னூரிலிருந்து மினிபஸ்ஸில் போய் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறினால் வரும் ஒற்றைத் தெருவில் அவர் வீடு. தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்த்து ஓய்வு பெற்றவர். இலையிலிருந்து ஈரத்தை விரட்டுவதே வேலையாக இருந்த மனிதருக்கு, ஓய்வு பெற்ற மறுநாள் எதை விரட்டுவது என்று தெரியவில்லை. ஊர்க் கவலையை விரட்டக் கிளம்பிவிட்டார். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவார். துணைக்கு ஆளில்லாத நோயாளியைக் கூட்டிக்கொண்டு குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் கூப்பிடும்வரை சிரிக்கவைத்துக்கொண்டிருப்பார். சிரிப்பதற்கு அவருக்குக் காரணம் தேவைப்படாது. எழுதிப் பார்த்து, அடித்துத் திருத்தி, ஒரு வேடிக்கையை ஒப்பேற்றுகிறவன் நான். அவர் "ஏனுங்க மாப்ளே, இன்னும் உசுரோட இருக்கறீங்களா?" என்று கேட்டபடி உள்ளே வந்தாலே வீடு சிரிக்கும். எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

பசுந்தேயிலையின் விலை விழுந்த காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூட இலை விற்காது என்றானதும், கொழுந்து பறிக்காமலே முற்றிச் செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்தன. ஃபேக்டரி ஒரு ஷிஃப்டாகக் குறைந்து, பிறகு அதுவும் நின்றது. தெருவிலிருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாக மலையிறங்கி, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்தார்கள். வருகிறவர்களிடம் என் மாமனார் சொல்லியனுப்புவது ஒன்றுதான்: "சாவியக் குடுத்துப்போட்டுப் போங்க. நேரா எங்க மாப்ள ஊட்டுக்குப் போயிருங்க." அவர் சாவியை வாங்கிக்கொண்டு ஆளை என்னிடம் அனுப்பினார். வாடகைக்கு இடம் பார்க்கும்வரை எல்லாரும் எங்கள் ஹாலில்தான் படுத்தார்கள். காலையில் என் செருப்பைத் தேடிப் போர்வைகளைத் தாண்டிப் போவேன். ஏதாவது ஒரு போர்வைக்குள்ளிருந்து "மாப்ளே, சௌக்கியங்களா?" என்று கேட்கும்.

மலையில் பூட்டிய வீட்டைக் கெடுப்பது திருடனில்லை, ஈரம். இரண்டு மழை அடைத்துக் கிடந்தால் சுவரில் பூசணம் பிடிக்கும், மெத்தை நாறும், கதவு ஊதிப்போய்த் திறக்காது. அதனால் அவர் தினமும் முறைவைத்து வீடுகளைத் திறந்து, சன்னலை விரியவிட்டு, இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டுவார். கரி கனன்று முடியும்வரை அங்கேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பள்ளி விடுமுறைக்குப் போயிருந்த என் மகள், அம்மாவின் அப்பாவான அப்பிச்சி எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று தடுமாறுவதைப் பார்த்து, அடுத்த முறை திருப்பூரிலிருந்து பனியன் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணி ஒரு பை கொண்டுபோய் வீட்டுக்கொரு நிறமாகக் கட்டிக்கொடுத்தாள். வாரத்துக்கொரு தடவை பூத்திலிருந்து எங்களுக்குப் போன் செய்வார். "செவப்பு ஊடு காஞ்சு கெடக்குது. மஞ்ச ஊடும் அப்படித்தான். வந்தாப் படுத்துக்கலாம்னு சொல்லிப்போடுங்க." நான் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். தனிமையைப் பற்றி நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். புத்தகங்களில் தனியாக இருப்பவர்கள் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் அடுத்தவர் வீட்டுச் சன்னல்களையெல்லாம் திறந்துகொண்டிருந்ததால், அந்தக் கணக்கில் இவரைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவிக்குத் தோன்றியது. என் மாமியார் இறந்த பிறகு, "இங்க வந்துருங்கப்பா" என்பதை அவள் போனில் வணக்கம்போலச் சொல்லிவந்தாள். அவருக்கு இருமல் அதிகமாகி, கரிப்புகை ஆகாது என்று டாக்டரும் சொன்னபோது அழுதாள். பேத்தி, "அப்பிச்சி, எனக்குத் துணைக்கு யாருமில்ல" என்றாள்.  அவர், "சரி, அவிங்கவிங்க சாவிய அவிங்கவிங்க கையில குடுத்துப்போட்டு வந்தர்றேன்" என்றார்.

சித்திரை வெயிலில் கை வைத்த ஸ்வெட்டரோடு திருப்பூரில் வந்து இறங்கினார். கழற்றச் சொன்னால், "பழக்கமுங்க, கழட்டுனாச் சளி புடிச்சுக்கும்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் அவரும் சந்து சந்தாகப் போனோம். போன இடத்திலெல்லாம் நாற்காலியும் கலர் சோடாவும் வந்தன. சாவியை மட்டும் யாரும் வாங்கவில்லை. "அதுக்கென்னங்க அவசரம்" என்றார்கள். "தீபாவளிக்கு வர்றோமுங்க" என்றார்கள். கடைசியாகச் சிவப்பு வீட்டுக்காரரிடம் போனோம். கொழுந்து பறித்த மனைவியும் அவரும் இப்போது ஒரே கம்பெனியில் தைத்த பனியன்களின் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மாமனார் நீட்டிய சாவியைப் பார்த்ததும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாமுங்க. இதக் கையில வாங்கிட்டா நாங்க இங்கயே இருந்துட்டோம்னு ஆயிருமுங்க."

திரும்பும் வழியெல்லாம் மாமனாரின் ஸ்வெட்டர் பையில் கொத்து குலுங்கிக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் நின்று, "மாப்ளே, காலைல மொத பஸ் எத்தனை மணிக்குங்க?" என்றார். என் மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வரவேயில்லை. "ஊரான் ஊட்டுக்குக் காவல் இருங்க, பொண்ணு என்ன பொண்ணு" என்ற குரல் மட்டும் வந்தது. அவர் சிரித்தார். "காவல் இல்ல சாமி. அடுப்புப் போடறேன், அவ்வளவுதான்." பேத்தியின் தலையைத் தடவிய கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. காலையில் போய்விட்டார்.

அந்த ஐப்பசி மழையில், மஞ்சள் வீட்டுக் கணப்பின் முன்னால், முக்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். புகை நின்று வெகுநேரமாகியும் கதவு திறந்திருந்ததால், தெருவில் மிஞ்சியிருந்த எதிர்வீட்டு ஆயா போய்ப் பார்த்திருக்கிறார்.

சேதி போனதும் திருப்பூரிலிருந்து இரண்டு வேன் நிறைய மேலே வந்தார்கள். எடுத்து முடிந்த பிறகு மழையில் வேன் கீழே இறங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் எல்லாரும் கொத்திலிருந்து தங்கள் சாவியைத் தேடி எடுத்துத் தங்கள் வீட்டைத் திறந்தார்கள். போர்வைகள் காய்ந்திருந்தன. விட்டுப்போன தீப்பெட்டி முதல் உரசலில் பற்றிக்கொண்டது என்று சிவப்பு வீட்டுக்காரர் தெருவில் நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி அழுதார். எல்லாக் கூரையிலும் புகை எழுந்தது. பல வருடங்களாக அவர் பார்க்க ஆசைப்பட்ட தெரு அதுதான். பார்க்கத்தான் அவர் இல்லை.

அவர் வீட்டில் நாங்கள் படுத்தோம். நெருப்புக்கென்று தேடினால் கரி ஒரு துண்டு இல்லை. வாங்கியதெல்லாம் தெருவுக்குப் போயிருக்கிறது. கட்டிலை நகர்த்தியபோது பின்சுவர் முழுக்கப் பச்சைப்பூசணம். என் மனைவி முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்கச் சுவர் ஈரமாகத்தான் வந்தது. "போன்ல ஒரு நாளாவது நம்மூட்டப் பத்திச் சொன்னாரா, பாருங்க" என்றாள். யோசித்துப் பார்த்தேன். நானும் ஒரு நாளாவது கேட்டதில்லை.

மறுநாள் புறப்படும்போது பூட்டலாம் என்றால், அந்த வீட்டுக்குப் பூட்டே இல்லை. ஊர்ச் சாவியெல்லாம் உள்ளே இருந்த வீட்டை அவர் ஒருநாளும் பூட்டியதில்லை. குன்னூர் மார்க்கெட்டில் ஒரு பூட்டு வாங்கிவந்து மாட்டினேன். வேனில் ஏறுமுன் ஒவ்வொருவராக வந்து அவரவர் சாவியை என் கையில் வைத்தார்கள். "நீங்களே வெச்சுக்கங்க மாப்ளே." நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

இப்போது அவர்களில் பாதிப் பேர் இங்கே சொந்த வீடு கட்டிவிட்டார்கள். துணி கட்டிய மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அறைச் சாவி எந்த நிறம் என்று எனக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை, லீவு கிடைத்தால், மேலே போய் வீடுகளைத் திறந்து கணப்புப் போடுகிறேன். புகையில் கண்ணெரிந்து வெளியே ஓடிவருவதில்தான் பாதிப் பொழுது போகும். எதிர்வீட்டு ஆயா இருந்தவரை, நின்று பார்த்துச் சிரிப்பார்.

போன வாரம், மழை பிடித்த அன்று, சிவப்பு வீட்டுக்காரர் போன் செய்தார். மூன்று தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். "மேல மழை கனமாம் மாப்ளே. ஊடெல்லாம் எப்படிங்க?"

"காஞ்சு கெடக்குதுங்க. வந்தாப் படுத்துக்கலாம்" என்றேன். வைகாசியில் நான் போனபோது காய்ந்துதான் கிடந்தது. இது ஐப்பசி. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"உங்க மாமனார் ஊடுங்க?"

இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. ஆணியைப் பார்த்தேன். பூட்டிய நாளுக்குப் பிறகு நான் திருப்பாத, துணி கட்டாத சாவி இன்னும் புதிதாகவே இருந்தது. வாயைத் திறந்தேன். என் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்று, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.