"லயம்" சஞ்சிகையின் அட்டையில் யோகா

அதிபர் வந்த காலை

"இந்த அட்டைய செஞ்சது யாரு?"

அச்சகத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த பாடசாலை அதிபர் கேட்ட முதல் கேள்வி இதுதான். குடையைக்கூட மடக்கவில்லை. அதிலிருந்த மழையெல்லாம் எங்கள் கல்யாண அழைப்பிதழ் சாம்பிள்கள் மேல் சொட்டியது. அவர் கையில் இருந்தது ஒரு டம்மி. அச்சுக்குப் போகும் முன் சரிபார்ப்பதற்காக நாங்கள் எடுத்துக்கொடுக்கும் மாதிரிப் பிரதி.

என் முதலாளி பரீத் நானா என் பக்கம் கையைக் காட்டினார். காட்டிய கையோடு, கட்டிங் மெஷினில் ஏதோ பெரிய கோளாறு கண்டுபிடித்தவர்போல அதன் பின்னால் குனிந்துகொண்டார்.

அட்டனில் இந்த அச்சகத்தில் நான் கம்பியூட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்தபோது மொனிட்டர் ஒரு அரிசி மூட்டை அளவு இருந்தது. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள், "அக்கா, நல்ல லேஅவுட்னா என்ன?" என்று கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் இருக்கும் பதிலெல்லாம், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவந்த ஒரு பாப் இசைச் சஞ்சிகையிடம் நான் பட்ட பாட்டிலிருந்து கிடைத்தவை. அதிபர் கொஞ்சம் நிற்கட்டும். பிள்ளைகள் வந்த நாளிலிருந்து சொல்கிறேன்.

செருப்பைக் கழற்ற வைத்த பக்கம்

இரண்டு பேர் வந்தார்கள். பேசியவள் தர்ஷினி. பேசாமல் போனில் என் கம்பியூட்டரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவன் டிலக்‌ஷன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. பேர் வேண்டாம்.

"அன்ட்டி, ஒரு மெகசின் செய்யணும்."

"அக்கா," என்றேன்.

"அக்கா, ஒரு மெகசின் செய்யணும். ஊடகக் கற்கைக்கு புரொஜெக்ட். பாட்டு மெகசின். பழைய பாட்டு இல்ல. ராப், பாப், நம்ம பக்கம் பாடுறவங்க எல்லாரும்."

எனக்கு என்ன தெரியுமோ அதைச் செய்தேன். பக்கத்தைச் சுற்றிப் பொன் நிற பார்டர், நான்கு மூலைக்கும் தாமரை, முதல் பக்கத்தில் குத்துவிளக்கு, தலைப்புக்குச் சிவப்பு எழுத்து, அந்தச் சிவப்புக்கு மஞ்சள் கரை. முடித்துவிட்டுப் பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

தர்ஷினி மரியாதையான பிள்ளை. முதலில் பாராட்டினாள். "நல்லாருக்குக்கா. ஆனா இதப் பாத்தா செருப்பக் கழட்டணும்போல இருக்கு."

"கும்பாபிஷேக மலருக்குள்ள ராப் பாட்டு," என்றான் டிலக்‌ஷன். அவன் என் முன்னால் பேசிய முதல் வாக்கியமே அதுதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீங்களே செய்ங்க," என்று நாற்காலியைவிட்டு எழுந்தேன். அவர்கள் தயங்கவே இல்லை. உட்கார்ந்துவிட்டார்கள்.

கிழங்குக்கு அடிக்கிற மருந்து

பிள்ளைகள் செய்த அட்டை கறுப்பு. அதன்மேல் ஊதா எழுத்து. எழுத்தைச் சுற்றிப் பச்சை ஒளி. படங்களெல்லாம் கவிழ்ந்த லொறிபோலச் சாய்ந்து கிடந்தன. உள்ளே ஒவ்வொரு பந்திக்கும் ஒரு ஃபொண்ட். கம்பியூட்டரில் ஃபொண்ட் இருக்கிறது என்றால் அதைப் போட்டே தீரவேண்டும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தர்ஷினியிடம் அவள் எழுதிய ஆசிரியர் தலையங்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியில் திணறினாள்.

"இங்க என்னக்கா போட்டிருக்கு?"

"எழுதினது நீதானே?"

வாக்குவாதம் முடியவில்லை. கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். அட்டையை மட்டும் பிரிண்ட் எடுத்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பேப்பர் கடையில் வாரப் பத்திரிகைகளோடு சேர்த்துக் கயிற்றில் தொங்கவிடுவோம். யார் கையை நீட்டுகிறார்கள் என்று எதிர்ப்பக்கம் நின்று பார்ப்போம். கடைக்காரர் நமக்குத் தெரிந்தவர்தான், ஒத்துக்கொண்டார்.

நீண்ட நேரம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நுவரெலியா பஸ்ஸுக்கு நின்ற ஒரு மரக்கறித் தோட்டக்காரர் கிட்டப் போனார். அட்டையைக் கையில் எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். டிலக்‌ஷன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். அவர் கடைக்காரரிடம் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"தம்பி, இது கெழங்குக்கு அடிக்கிற மருந்தா?"

அன்று பச்சை ஒளி ஒழிந்தது. நியாயமாகப் பார்த்தால் என் தாமரையும் அன்றுதான் ஒழிந்தது.

அதற்குப் பிறகு மூவரும் சேர்ந்து செய்தோம். தலைப்புக்கு ஒரு ஃபொண்ட், உள்ளே ஒரு ஃபொண்ட். வெள்ளைப் பின்னணி. ஒரு பக்கத்தில் ஒரு பெரிய படம், சுற்றிலும் வெறும் இடம். அந்த வெறும் இடத்தைப் பரீத் நானா விரலால் அளந்து பார்த்தார்.

"என்னா புள்ள, இவ்வளவு எடம் சும்மா ஈக்குது? ஒரு வெளம்பரம் போடலாமே."

"அது மூச்சு விடுற எடம் நானா," என்றாள் தர்ஷினி.

"பேப்பர் எங்க புள்ள மூச்சு விடுது?" என்றார் நானா. ஆனால் விளம்பரம் போடவில்லை.

பெயர் வைத்ததும் அவள்தான். லயம். "தாளத்துக்கும் லயம், நாங்க இருக்கிற லைன் வீட்டுக்கும் லயம்," என்றாள். டிலக்‌ஷன் மூன்று எழுத்தையும் கையால் வரைந்து, மேலே தகரக் கூரைபோல ஒரே நீளக் கோடு போட்டான். 'ம்' மேல் இருந்த புள்ளி கூரையைப் பொத்துக்கொண்டு வெளியே நின்றது. அதைக் கீழே இறக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்கா. எங்க வீட்டுக் கூரையும் அப்படித்தான் இருக்கு."

இவ்வளவு நாளில் நான் பார்த்த மாஸ்ட்ஹெட்டுகளில், அதாவது அட்டைத் தலைப்பெழுத்துகளில், அதுதான் சிறந்தது.

அட்டைப் படத்துக்கு யோகாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண். சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து, வெற்றுத் தண்ணீர் கேனில் தாளம் போட்டு ராப் பாடி போனில் போடுவாள். தோட்ட மனேஜரை, அதாவது தொரையை, நக்கலடித்து அவள் பாடிய பாட்டு கினிகத்தேனை டவுன் கடைகளில்கூட ஓடிக்கொண்டிருந்தது.

"ஜீப்பு வருது தொர வருது,
கொழுந்த நிறுத்தா கொறைஞ்சு வருது."

டிலக்‌ஷன் படம் எடுத்து அனுப்பினான். நான் வெட்டி அட்டையில் வைத்தேன். டம்மி பாடசாலைக்குப் போனது. மறுநாள் காலை அதிபர் குடையோடு வந்தார்.

மூன்று குற்றச்சாட்டு

பிள்ளைகளும் அவர் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார்கள்.

"மொதல்ல பேரு," என்றார் அதிபர். "லயம்! இந்தப் புள்ளைகள லயத்துல இருந்து வெளிய கொண்டு வரணும்னுதான நான் தெனம் தொண்ட கிழியக் கத்துறேன்? அதையே கொட்ட எழுத்துல போடுறீங்க?"

தர்ஷினி மெதுவாகச் சொன்னாள். "நாங்க வெளிய வந்துருவோம் சேர். அம்மா அங்கதான இருக்காங்க."

அதிபர் அவளைப் பார்த்தார். அந்தக் குற்றச்சாட்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"ரெண்டாவது, இந்தப் பொண்ணு. தொரைய நக்கல் பண்ணுறவ. தொரைதான் வெளியீட்டு விழாவுக்கு பிரதம விருந்தாளி. அவரு கையில இத நான் எப்படிக் குடுப்பேன்? இவள எடுத்துட்டு வேற படம் போடுங்க. இல்லாட்டி புரொஜெக்ட்டும் இல்ல, விழாவும் இல்ல."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணாவது, ஆசிச் செய்தி எங்க? என் போட்டோ எங்க?"

அச்சகத்தில் கொஞ்ச காலம் இருந்தவர்களுக்கு இது விளங்கும். மூன்றாவதாகச் சொல்வதுதான் முதலாவது. நம் ஊரில் எந்த மலரைத் திறந்தாலும் ஆசிச் செய்திகளைத் தாண்டி விஷயத்துக்குப் போய்ச் சேருவதற்குள் களைத்துவிடுவோம்.

"சேர், ஆசிச் செய்தி யாரும் வாசிக்கிறதில்ல," என்றேன். "ஒரு முழுப் பக்கம் தாறோம். உங்களுக்குப் புடிச்ச பாட்டெல்லாம் சொல்லுங்க. 'அதிபரின் பிளேலிஸ்ட்'னு போட்டோவோட போடுவோம்."

கோபமாக இருந்த முகத்தில் வெட்கம் வந்து நான் பார்த்தது அப்போதுதான். "என் பாட்டு எவனுக்கு வேணும்?" என்றார். ஆனால் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகும்போது, யோகா விஷயத்தை மட்டும் அவளிடமே கேட்டு முடிவெடுக்கச் சொன்னார். "அவதான அங்க வேல செய்யணும். அவ பயந்தா எடுத்துருங்க."

வெள்ளையடித்த முகம்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு யோகாவே அச்சகத்துக்கு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். டம்மியை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"தொரை வர்றாரு. உங்க படத்த எடுக்கட்டுமான்னு அதிபர் கேக்கச் சொன்னாரு," என்றேன்.

"எடுக்கிறதுன்னா எடுங்கக்கா. இது என் மூஞ்சியே இல்லையே. எடுத்தா எனக்கென்ன நட்டம்?"

டிலக்‌ஷன் தரையைப் பார்த்தான். போனில் ஏதோ அழகாக்கும் ஃபில்டரைப் போட்டிருக்கிறான். அவள் கன்னம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது. கையில் ஒரு கிட்டார். அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவே இல்லை.

"யாருடா இதுக்கு வெள்ளையடிச்சது?" என்றாள் யோகா. "எனக்கு கிட்டாரு புடிக்கத் தெரியுமா? கல்யாண வீட்டுல வெறகுக்கட்டையத் தூக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கேன்."

"மெகசின்னா அப்படித்தான்னு நெனச்சேன் யோகாக்கா," என்றான்.

"தொரைய நெனச்சா பயமில்லையா?" என்று நான் கேட்டேன்.

"பயம் இல்லாம இருக்குமா? ஆனா பாட்டு எல்லாரு போன்லயும் கெடக்கு. படத்த மட்டும் ஒளிச்சு வச்சு என்ன செய்ய? போடுறதா இருந்தா என்னையப் போடுங்க. வேற யாரையோ போட்டுட்டு என் பேர எழுதாதீங்க."

மறுபடி படம் எடுத்தார்கள். வேலை முடிந்து வந்தபடியே, தலையில் கட்டிய துணியோடு, தண்ணீர் கேனை மடியில் வைத்துக்கொண்டு, கமராவை முறைத்தபடி. முகத்தில் வெயிலும் வியர்வையும் அப்படியே இருந்தன. பரீத் நானா பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள நம்மளத் திட்டப் போறது மாதிரியே ஈக்குது," என்றார். அட்டை சரியாக வந்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

அதிபர் இதற்கிடையில் தன் பிளேலிஸ்ட்டை மாற்றுவதற்கென்றே பல தடவை அட்டனுக்கு பஸ் ஏறிவிட்டார். கடைசித் தடவை அட்டையைக் காட்டினேன். பெருமூச்சு விட்டார். "என் பக்கம் எத்தனாவது பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

விழா

தொரை சிங்களவர், இளவயதுக்காரர். தமிழ் கொஞ்சம் பேசுவார், வாசிக்கத் தெரியாது. மேடையில் சஞ்சிகையை வாங்கி அட்டையைப் பார்த்ததும் சிரித்தார். நம் தோட்டத்துப் பெண் அல்லவா என்று சிங்களத்தில் கேட்டார். இவள் என்ன பாடுவாள் என்று அடுத்த கேள்வி.

அதிபர் முந்திக்கொண்டார். "உழைப்பின் பெருமை பற்றி சேர்," என்று சிங்களத்தில் சொல்லி வைத்தார்.

முன்வரிசையில் இருந்த யோகா எழுந்து நின்றாள். "சேர் கென தமயி," என்றாள். சேரைப் பற்றித்தான் என்று அர்த்தம். அதோடு விடாமல், கொழுந்து நிறுக்கும் வரியைச் சிங்களத்தில் எடுத்தும் சொன்னாள்.

மண்டபமே தொரையின் முகத்தைப் பார்த்தது. பின்வரிசையில் இருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். தொரை சிரித்தார். நாலு பேர் பார்க்கும்போது வேறு வழியில்லாமல் சிரிக்கும் சிரிப்பு. சஞ்சிகையை அட்டை உள்ளே போகும்படி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பிரதிகள் அன்றைக்கே தீர்ந்துபோயின. பிள்ளைகள் துள்ளினார்கள். அடுத்த வாரம் யோகாவைத் தோட்டத்தின் உச்சிக்கு, செங்குத்து மலைக்கு மாற்றினார்கள். காடுபோல் மண்டிக் கிடக்கும் இடம். ஈரம் காயாது. விசாரித்தால் சாதாரண இடமாற்றம் என்றார்கள்.

தர்ஷினி அழுதுகொண்டே வந்து சொன்னாள். என்னால் அன்று வேலை செய்ய முடியவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்த பக்கத்துக்கு வேறொருத்தி மலை ஏறுகிறாள். யோகாவுக்கு போன் எடுத்தேன்.

"என்னக்கா அழுகுறீங்களா?" என்றாள். "அட்டையில போட்டீங்க. இப்ப அட்டைகிட்டயே அனுப்பிட்டாங்க. கடிச்சு கால் முழுக்க ரத்தம். பாட்டு ஒண்ணு வந்துருச்சு, கேளுங்க."

அந்த அட்டைப்பாட்டை அவளோடு வேலை செய்யும் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்தில், வாயைத் திறக்காமல், எல்லோரும் சேர்ந்து அதன் மெட்டை முனக ஆரம்பித்தார்கள். கோஷமில்லை, வேலைநிறுத்தமில்லை. முனகுவதற்கு யார் மேல் நடவடிக்கை எடுப்பது? பேர் கூப்பிட நின்ற கணக்கப்பிள்ளையே ஒரு நாள் தன்னையறியாமல் அதை முனகிவிட்டாராம். அதற்குச் சில நாள் கழித்து யோகா பழைய மலைக்குத் திரும்பினாள். அதுவும் சாதாரண இடமாற்றம் என்றுதான் சொன்னார்கள்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

ஃபொண்டைக் குறையுங்கள். இடம் விடுங்கள். கயிற்றில் தொங்கவிட்டுத் தூர நின்று பாருங்கள். இதெல்லாம் தானாகவே கைக்கு வந்துவிடும்.

வராதது ஒன்று. யாருடைய முகத்தைப் போடுகிறீர்களோ, அவரிடம் முதலில் காட்டுங்கள். அதிபரிடம், முதலாளியிடம், விருந்தாளியிடம் காட்டுவதற்கு முன்னால். அடி விழுந்தால் வாங்கப்போவது அந்த முகம்தான். அது தன் சொந்த முகமாகவாவது இருக்கவேண்டும். இப்போது மணப்பெண் வந்து பார்த்துச் சரி என்று சொல்லாமல் நான் ஒரு கல்யாண அழைப்பிதழையும் அச்சு பிளேட்டுக்கு அனுப்புவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

மரண அறிவித்தலில் மட்டும் இது நடக்காது. வீட்டுக்காரர்கள், "அப்பாவ கொஞ்சம் செவப்பா ஆக்குங்க," என்பார்கள். நான் ஆக்குவதில்லை. அவர் வந்து கேட்கமாட்டார் என்பதற்காக, அவருக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பி வைக்க முடியுமா?