கணக்கில் வராத கட்டிங்

சுண்ணக்கட்டி இல்லாமல்கூடப் பாடம் நடத்திவிடலாம். தேநீர் அருந்தாமல் ஆசிரியர் அறையிலிருந்து வகுப்புக்குப் போகும் ஆசிரியர் இன்னும் பிறக்கவில்லை! தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வாசகர்களே, உங்கள் கையருகிலும் இந்நேரம் ஏதோ ஒன்று ஆவி பறந்துகொண்டிருக்கும். ஆகவே நாம் ஒளிவுமறைவின்றிப் பேசலாம்.

அரைக் குவளைச் சட்டம்

மும்பையில் தேநீரை அரைக் குவளையாக வாங்குவதற்குக் கட்டிங் என்று பெயர். அரைதானே என்பதால் அதை எவரும் மறுப்பதில்லை; எவரும் கணக்கில் சேர்ப்பதுமில்லை. எங்கள் கணித ஆசிரியை ஜமீலா, பள்ளி மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு கட்டிங் அருந்துவார். "இன்றைக்கு எத்தனையாவது தேநீர், ஜமீலா?" என்று ஒருநாள் கேட்டேன். அவருக்கு வியப்புத் தாங்கவில்லை.

"டீயா? நான் எங்கக்கா டீ குடிச்சேன்? இது கட்டிங்லா!"

கரும்பலகையின் முன்

பத்தாம் வகுப்பில் ஒரு தேற்றத்தைப் பாதி எழுதியிருந்தபோது ஜமீலாவின் கை நடுங்கிற்று. நெஞ்சு படபடத்தது; கூரையே தலைமேல் இறங்குவதுபோல் ஓர் அச்சம். வியர்த்து வழிய ஓடிவந்து என் கையைப் பற்றிக்கொண்டார். அன்றுமுதல் அது வாடிக்கையாயிற்று. உறக்கமும் போயிற்று; உறக்கம் போனதால் கட்டிங் கூடிற்று. தமக்குச் சித்தம் கலங்குகிறது என்றே அவர் முடிவு செய்துவிட்டார். "பிள்ளைங்க முன்னால பைத்தியமா நிக்கதுக்கு முந்தி நானே வேலய விட்டுருதேன்க்கா" என்றார்.

கணிதத்தை உயிராக நினைப்பவர் இப்படிச் சொன்னால் எப்படியிருக்கும்? நாங்கள் பதறிப்போனோம்; ஆசிரியர் அறைக்குத் தேநீர் கொண்டுவரும் சுடலை மட்டும் கலங்கவில்லை.

"இஞ்சி தட்டிக் கடக்கா, நல்ல ஸ்ட்ராங்கா ஒண்ணு தாரேன் டீச்சர், பயமெல்லாம் பல்ட்டி அடிச்சு ஓடிரும்!"

நோன்பு மாதம்

தேர்வு நெருங்கிய வேளையில் ரமலான் பிறந்தது. பகலில் சொட்டுத் தண்ணீரும் இல்லை என்னும்போது கட்டிங்குக்கு ஏது இடம்? மாலையில் நோன்புக் கஞ்சிக்குப்பின் ஒரே ஒரு தேநீர், அவ்வளவுதான். முதல் சில நாள் ஜமீலாவுக்குத் தலை பிளந்தது. இந்த நோன்போடு வேலையை விட்டே விடுவார் என்று அஞ்சினோம்.

அதன்பின் நடந்ததை எப்படிச் சொல்வேன்! ஒருநாள் பக்கத்து வகுப்பிலிருந்து அவருடைய குரல் கணீரென்று கேட்டது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அதே தேற்றம்! கை நடுங்கவில்லை; கடைசி வரிவரை எழுதி முடித்துவிட்டுத் திரும்பிச் சிரித்தார்.

"பசிக்குதுக்கா, ஆனா பயம் வரல! ராத்திரி நல்லா உறங்குதேன்!"

சயானில் தீர்ப்பு

பெருநாள் கழிந்தது, கட்டிங் திரும்பிற்று, பின்னாலேயே அச்சமும் திரும்பிற்று. எனக்கோ புதையல் கிடைத்ததுபோல் இருந்தது: அச்சத்தின் வேர் தேநீரில்தான்! ஜமீலாவைக் கையோடு, பக்கத்துச் சயானிலுள்ள மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். "டீ குடிப்பீர்களா?" என்றார் மருத்துவர். "அதிகமில்லை" என்றார் ஜமீலா. "கட்டிங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்று நான் குறுக்கிட்டேன். இயல்பிலேயே பதற்றம் உள்ளவருக்குத் தேநீர் அதை விசிறிவிடுகிறது என்று விளக்கினார் மருத்துவர். தேநீரைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். பதற்றத்துக்குத் தனியே சிகிச்சையும் தேவை என்றார். விடைபெறும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அரை கிளாஸ்னு உங்க ஸ்டாஃப் ரூமுக்குத்தாம்மா தெரியும், நெஞ்சுக்குத் தெரியாது."

மறுக்கப்பட்ட குவளை

சிகிச்சை தொடர்ந்தது, வேலையை விடும் பேச்சு நின்றது. புதிய கல்வியாண்டின் முதல் நாள், இரண்டாம் மணி அடித்ததும் சுடலை வழக்கம்போல் குவளையை நீட்டினார். ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. ஜமீலா சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"போதும் சொடலண்ணே, காலைல குடிச்சாச்சு; பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க காத்துக் கெடக்கு."

ஆக, நாங்கள் அனைவரும் அரையரையாகத்தான் அருந்தினோம். படபடப்பு மட்டும் ஜமீலாவுக்கு ஒருநாளும் அரையாக வந்ததில்லை.