வெள்ளைக் கொடியைப் பார்த்து இறங்கினேன்

நான் கொழும்பில் மாடிக் குடியிருப்பில் வசிப்பவன். சாவு வீடு என்றால் போய்த் தலையைக் காட்டுவதுதான் என் வழக்கம். சென்ற மாதம் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்த நண்பர் மாத்தளைப் பக்கம் பல்லேபொலயில் உள்ள தன் வீட்டில் இறந்துவிட்டார். அவர் பலமுறை அழைத்தும் அந்த வீட்டுக்கு நான் போனதே இல்லை. வருகிறேன் என்று அவர் மனைவிக்குப் போனில் சொல்லிவிட்டு, மாத்தளையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டோ பிடித்தேன். சாவு வீட்டுக்கு அடையாளமான வெள்ளைக் கொடி கட்டியிருந்த வீட்டின் முன்னால் இறங்கினேன்.

"கொழும்புல இருந்தா வர்றீங்க? பிளேன்டீ குடிங்க ஐயா" என்று ஒருவர் கதிரை தந்தார். எங்கள் மாடியில் லிப்ட் பழுதான கதையை அவரிடம் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே எட்டியும் பார்க்கவில்லை.

பெட்டியைத் தூக்கும்போது அவர் கேட்டார்: "எங்க பெரியம்மாவுக்கு நீங்க என்ன மொற ஐயா?"

நண்பரின் பெயரைச் சொன்னேன்.

"ஐயையோ, அது அடுத்த வளைவுல உள்ள வீடுங்க! ஓடுங்க!"

நான் போனபோது அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நண்பரின் மனைவி என்னைக் கண்டதும் அழுதார். "நீங்க வருவீங்கன்னு பொட்டிய மூடாம ரொம்ப நேரம் வச்சிருந்தோம் அண்ணே."

"பஸ் சுணங்கிப் போச்சு தங்கச்சி" என்றேன். அவர் நம்பிவிட்டார். உண்மையை அவரிடம் சொல்லத் துணிவில்லாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் சாவு வீட்டில் யார் உபசரித்தாலும் நேரே உள்ளே போய் முகத்தைப் பார்க்கிறேன். கதிரையில் உட்காருவது அதற்குப் பிறகுதான்.